லேப் என்று எழுதினேன்

“புதன். மாசிக் கடைசி வாரம். கொண்டு வந்தது: லேப். வேலை: மண் அறிக்கை, தமிழ். பக்கம்: பதினொன்று. பிரதி: இரண்டு. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி நீக்கம், போனில் சொன்னபடி. கைப்பிரதி திருப்பித் தரப்பட்டது. வாங்கிப் போனது: லேப்.”

இது என் கையெழுத்து. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடையின் வேலை நோட்டில் இருக்கிறது. நீல மை. வருஷம் நோட்டின் அட்டையில் இருக்கிறது, இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் வருஷத்தைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். இதில் வருகிற யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. அந்த மண் அறிக்கையைக் கொண்டு வந்த அம்மாவின் பெயரை எழுதாமல் விடுவது எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை இன்னொருவர் சொன்னதால் விட்டேன். இந்தத் தடவை, வேலை விஷயம் முடிகிற வரை எங்கேயும் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால் விடுகிறேன்.

எனக்குத் தேதிப் பைத்தியம் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். மணிமுத்தாற்றில் தண்ணீர் என்றைக்கு வந்தது, சேத்தியாத்தோப்பு பஸ் எந்த வாரம் நேரம் மாறியது, எந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடக்கும்போது கரண்ட் போனது என்று கேட்டால் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். எங்கள் அத்தா காலத்து டைப்ரைட்டர் தொடங்கி இன்றைய கம்ப்யூட்டர் வரை கடையில் அடித்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு உண்டு. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்து, என் நோட்டைப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போனதும் உண்டு. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அதிகம் எரிகிறது.

நோட்டில் ஒரு வழக்கம். சனங்கள் யாராவது வந்தால் பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் எழுதுவேன். கம்மாபுரத்திலிருந்து நிலம் கையகப்படுத்துவதற்கு ஆட்சேப மனு அடிக்க வருகிற விவசாயியின் பெயரை இன்றைக்கும் எடுத்துக் காட்டுவேன். ஆனால் ஒரு ஆபீசிலிருந்து யார் வந்தாலும் ஆளை எழுத மாட்டேன். பேங்க் என்று எழுதுவேன், ஸ்கூல் என்று எழுதுவேன். ஆட்கள் மாறுவார்கள், ஆபீஸ் மாறாது, பின்னால் தேடுவதற்குச் சுலபம் என்று அத்தா சொல்லிக்கொடுத்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி டைப் அடிக்கிற எல்லாக் கடையிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அது தப்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

லேப் என்பது எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டை, நாங்கள் எஸ்டேட் என்போம், அதன் ஓரத்தில் நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஷெட்டில் வைத்திருந்த மண் சோதனைக்கூடம். ஒரு சின்ன உலை, ஒரு தராசு, ஒரு பழைய மைக்ராஸ்கோப். பொறுப்பில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை லேப் சார் என்பார்கள். அவருக்குக் கீழே ஒரே ஒரு ஆள், பி.எஸ்சி. படித்த ஒரு பெண். வருகைப் பதிவேட்டில் அவருக்கு எழுதியிருந்த வேலை, ஹெல்ப்பர். காலையில் ஷெட்டைப் பெருக்குவதும் அவர்தான், மண்ணைச் சலித்துக் காயவைத்துச் சுட்டுப் பார்த்து எழுதுவதும் அவர்தான். லேப் சார் பதினொரு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார்.

அந்த வருஷம் எஸ்டேட்டில் சூளையிலிருந்து வெளியே வந்த சாமான் எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி. வெள்ளைக் கப்பின் மேல் மிளகுத் தூளைத் தூவியது போல. பொம்மையின் முகத்தில், ஃபியூஸ் கட்டையில், சோப்பு டப்பாவில். சூளைப் புகை என்றார்கள். சூளை பார்க்கிறவர் கவனம் இல்லாமல் எரிக்கிறார் என்றார்கள். ஒரு பட்டறையில் இருபது வருஷமாகச் சூளை பார்த்த மனிதரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் கடைக்கு வந்து, தன் மேல் தப்பில்லை என்று முதலாளிக்கு ஒரு கடுதாசி அடித்துக்கொண்டு போனார். அது அதே நோட்டில், இரண்டு பக்கத்துக்கு முன்னால், அவருடைய பெயரோடு இருக்கிறது.

புகை இல்லை, மண்தான் என்று சொன்னவர் அந்த ஹெல்ப்பர் அம்மா.

அவர் கம்மாபுரத்துப் பக்கம். அவருடைய அப்பாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. சுரங்கத்துக்காக வெட்டிய சுவரைப் பார்த்தே வளர்ந்தவர். மேலே செம்மண், அதற்குக் கீழே மணல், வெள்ளைக் களி, சாம்பல் களி, அப்புறம் கறுப்பாக நிலக்கரி. அந்த வரிசை அவருக்கு வீட்டு வாசல் மாதிரி மனப்பாடம். லாரியில் வருகிற களிமண்ணில், நிலக்கரிக்கு ஒட்டினாற்போல் இருக்கிற சாம்பல் களியும் கலந்து வருகிறது, அதற்குள் பித்தளைப் பொடி போல மின்னுகிற ஒரு துகள் இருக்கிறது, சூளையில் அதுதான் கறுப்பாக உருகிப் புள்ளி விழுகிறது என்பது அவர் கண்டுபிடித்தது.

அதுவரை லேபில் அது ஏன் தெரியவில்லை? லாரிக்காரர்கள் நல்ல வெள்ளைக் களியை மேலே போட்டுக் கொண்டு வருவார்கள். மாதிரி எடுக்கிறவர் மேலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போவார். எல்லா லேபிலும் அப்படித்தானாம். இந்த அம்மா ஒன்றரை இன்ச் பி.வி.சி. பைப் ஒன்றை வாங்கி, லாரி மேல் ஏறி, சுத்தியால் அடித்து அடிமட்டம் வரை இறக்கினார். வெளியே எடுத்து நீளவாக்கில் அறுத்தார். உள்ளே மேலிருந்து கீழ் வரை லாரியின் மண் வரிசையாக நின்றது. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அடியில் இருந்த சாம்பல் களியில் மட்டும் அந்த மின்னல். நாற்பது லாரிக்கு மேல் ஏறி இறங்கினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரி மேல் ஏறுகிற பொம்பளை என்று டிரைவர்கள் சிரித்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

பதினொரு பக்க அறிக்கை, பைப்புக்குள் நின்ற மண் வரிசையின் படம் ஒன்றோடு. கோடு போட்ட தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி என் கடைக்குக் கொண்டு வந்தது அவர்தான். இரண்டு மத்தியானம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் அடிக்க அடிக்கத் திரையைப் பார்த்துத் திருத்தினார்.

“பாய், அது சாம்பல் களி. சாம்பல் நிறக் களின்னு போடாதீங்க. காஞ்சா நெறம் மாறிடும். மண்ணு மாறாது.”

“எல்லாம் ஒண்ணுதானேம்மா.”

“உங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒண்ணா?”

அதற்குப் பிறகு அவர் சொன்னபடியே அடித்தேன். அந்த அறிக்கையை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது நாள் புதன்கிழமை. லேப் சார் போன் செய்தார். அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

“பாய், கடைசிப் பக்கத்துல கீழ ஒரு வரி இருக்கும். அது வேணாம். ரிப்போர்ட்டு லேப் பேர்ல போவுது. என் கையெழுத்துக்கு மட்டும் எடம் வுடுங்க.”

சரிங்க சார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. அழிக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரு வரி போக மூன்று நொடி ஆகாது. போன பிறகு நோட்டில் எழுதினேன்: “கடைசி வரி நீக்கம், போனில் சொன்னபடி.” எழுதி முடித்ததும் மனசு சுத்தமாகிவிட்டது. எதையும் மறைக்கவில்லை, பதிவு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். போன் செய்தவர் யார் என்றுகூட அதில் இல்லை என்பது எனக்குப் படவில்லை.

அறிக்கை போனது. சாம்பல் களி கலந்த லாரியைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். புள்ளி நின்றது. பட்டறைக்காரர்கள் கூட்டம் போட்டு லேப் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்றைய அழைப்பிதழையும் நான்தான் அடித்தேன், அதுவும் நோட்டில் இருக்கிறது. சூளை பார்த்தவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பைப்புக்கு எஸ்டேட்டில் ஒரு பெயர் வந்தது. இன்றைக்கும் லாரி வந்து நின்றால், “சார் பைப்ப எடுத்துட்டு வா” என்றுதான் கத்துகிறார்கள். சார் ஒரு நாளும் லாரி மேல் ஏறினதில்லை. அவருக்கு மூட்டு வலி.

சில வருஷங்களில் லேபை மூடினார்கள். அந்த அம்மா வேப்பூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடப் போனார்.

நான் இதையெல்லாம் மறந்தே போயிருந்தேன். நோட்டு மறக்கவில்லை, நான் மறந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நூலக வாசகர் வட்டத்தில் என் முறை வந்தது. மாதத்துக்கு ஒருவர் பேச வேண்டும். நான் ஆறு மாதமாக ஒரு அமெரிக்கப் பெண் புவியியலாளரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கும் முந்திய ஆள். அந்த நாட்டில் பெண்கள் அந்தத் துறைக்குள் வராத காலத்தில் வந்தவர். பல்கலைக்கழகத்தில் ஆண்களோடு பாடம் கேட்க வந்தபோது, பையன்களின் கவனம் சிதறக் கூடாது என்று அவரை ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்களாம். திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டுப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். பாறையைக் கண்ணாடித் தாள் போல மெலிதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, தண்ணீரில் படிந்த பாறை என்று பெரியவர்கள் நினைத்திருந்ததை, இல்லை, இது பழைய எரிமலைக் குழம்பு என்று காட்டினார். பிற்பாடு ஒரு பெண்கள் கல்லூரியில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு துறையையே உண்டாக்கி, வரிசையாகப் பெண்களை அந்த வேலைக்கு அனுப்பினார்.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. திரை என்ன துணி, எந்த மூலையில் கட்டினார்கள், கட்டச் சொன்னது யார் என்று தேடினேன். நான் படித்த எதிலும் அது இல்லை. கட்டினவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசினேன். கைதட்டினார்கள். தலைமை தாங்கியது லேப் சார். இப்போது அவர் ரிட்டயர்டு ஆன பெரிய மனிதர், எந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை.

“அறிவுக்குத் திரை போட முடியாதுன்னு பாய் அருமையா சொன்னாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி திரையெல்லாம் கிடையாதுன்னு நாம தைரியமா சொல்லிக்கலாம்” என்றார் சார். அதற்கும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அந்த அம்மா. அவர் கூட்டங்களுக்கு வருவார் என்பதே எனக்குத் தெரியாது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் சார். அந்த அம்மா எழுந்தார்.

“பாய், அந்த அமெரிக்காக்கார அம்மா நெறைய ரிப்போர்ட்டு எழுதியிருப்பாங்க இல்ல?”

“ஆமாம்மா. நிறைய.”

“அதெல்லாம் யாரு டைப் அடிச்சாங்க?”

நான் பேச்சுக் குறிப்பைப் புரட்டினேன். அதில் என்ன இருக்கப் போகிறது. “தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்” என்றேன்.

சார் சிரித்தார். “டைப்பிஸ்ட்டு மேல என்னம்மா அவ்வளவு அக்கறை?”

“இல்ல சார். அடிக்கிறப்ப ஏதாச்சும் வுட்டுப் போயிருக்குமோன்னு கேட்டேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுண்டல் வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

கூட்டம் முடிந்து நானும் என் மனைவியும் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது சொன்னாள்:

“ஏங்க, அந்தப் பொண்ணு கேட்டது உங்களப் பத்தி.”

“தெரியுது.”

“தெரிஞ்சுதான் பாத்துச் சொல்றேன்னீங்களா? எந்த புக்குல பாக்கப் போறீங்க?”

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

“அமெரிக்காவுல தெர கட்டுனவன் பேரு தெரியலன்னு மேசையத் தட்டுனீங்க. கடைக்குப் போயி உங்க நோட்டப் பொரட்டுங்க, பேரு இருக்குதா பாப்போம்.”

மறுநாள் கடை திறந்ததும் நோட்டை எடுத்தேன். மேலே நான் எடுத்துக் காட்டியிருக்கிற பதிவு அன்றைக்குக் கிடைத்ததுதான். படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோதுதான் தெரிந்தது. கொண்டு வந்தது லேப். வாங்கிப் போனது லேப். நீக்கச் சொன்னது யாரும் இல்லை, போன். நீக்கப்பட்ட வரி என்ன என்பதும் இல்லை. பக்கம் எத்தனை, பிரதி எத்தனை, கிழமை என்ன என்பதெல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதை அப்படியே கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன்.

அந்த அம்மா எனக்காகக் காத்திருந்தது போலப் பேசினார். லேபை மறுபடி திறக்கப் போகிறார்கள். சோதனையாளர் என்று ஒரு நிரந்தர வேலை. தகுதியில் ஒரு நிபந்தனை: மண் சோதனை செய்த அனுபவத்துக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அவர் மனுப் போட்டிருக்கிறார். பதிவேட்டில் ஹெல்ப்பர் என்று இருக்கிறது, அறிக்கையில் சார் பெயர் இருக்கிறது, உங்களுக்கு அனுபவம் எங்கே என்று வேலைக்கு ஆள் எடுக்கிற குழு கேட்கிறது. குழுவுக்கு ஆலோசகர் லேப் சார்.

“ஒம்பது வருஷம் பாய். ஒரு தாளு இல்ல எங்கிட்ட.”

“உங்க கைப்பிரதி? நீங்க எழுதினது?”

“அதான் உங்களக் கேக்கணும்னு இருந்தேன். எனக்குத் திரும்பி வந்த ஞாபகம் இல்ல. அன்னிக்கு டைப் அடிச்சத வாங்க நான் வந்தேனா, சார் வந்தாரா, அதுவே ஞாபகம் இல்ல. உங்க நோட்டுல இருக்கும்னு நெனச்சேன். நீங்க எழுதாத விஷயமா?”

ஜெராக்ஸை நீட்டினேன். வாசித்தார். கடைசியில் இருக்கிற லேப் என்ற வார்த்தையில் விரலை வைத்தார். பிறகு ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக லேப் சார் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கையில் நோட்டு. முழு நோட்டையே எடுத்துக்கொண்டேன், ஜெராக்ஸ் போதாது என்று.

“வாங்க பாய், உக்காருங்க. டீ சொல்லட்டா?”

“வேணாம் சார். அந்த மண் அறிக்கை அந்தம்மா எழுதினது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழுவுல அத நீங்க சொல்லணும்.”

“யாரு இல்லன்னா? நல்லா வேலை செஞ்ச பொண்ணுதான். கெட்டிக்காரி. ஆனா லேப்புல நடக்கிறது லேப்போடது பாய். நாளைக்கு உங்க கடையில வேல செய்யற ஆளு அடிச்ச தாளுக்கு அவரு பேரயா போடறீங்க?”

“கடைசி வரிய எடுக்கச் சொல்லி நீங்க போன் பண்ணீங்க.”

“பண்ணியிருக்கலாம். நோட்டுல இருக்குதா?”

நான் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

“பாருங்க, நீங்களே எவ்வளவு கரெக்டா எழுதியிருக்கீங்க. கொண்டு வந்தது லேப். வாங்கிப் போனது லேப். லேப்புன்னா யாரு பாய்? பொறுப்புல இருந்தது நான்தானே.”

“நீக்கச் சொன்னது...”

“போனுன்னு போட்டிருக்கு. போனு யாரு வேணா பண்ணலாம்.”

அவர் பொய் சொல்லவில்லை. என் நோட்டைப் படித்துக் காட்டினார், அவ்வளவுதான். ஒரு ஆயுதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போனதை அவர் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன். அந்த ஒரு டீயைக் குடிக்காமல் வந்ததுதான் இந்த விஷயத்தில் நான் செய்த முதல் எதிர்ப்பு. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு தேடினேன். கைப்பிரதி என் கடையிலேயே எங்காவது இருக்கலாம் என்று பரணையில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். மூன்று நாள் கடைக்குள் தூசி. யார் யாரோ வாங்காமல் விட்டுப் போன ஜாதகம், கல்யாணப் பத்திரிகை மாதிரி, வேப்பூர் ஓட்டல் ஒன்றின் பழைய மெனு, துபாய் வேலைக்கு அடித்த பயோடேட்டாக்கள். பதினொரு பக்கம் கோடு போட்ட தாள் இல்லை. அறிக்கை அடித்த கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போனது, போன தேதி என்னிடம் இருக்கிறது.

அமெரிக்க அம்மாவின் அறிக்கைகளை யார் டைப் அடித்தார்கள் என்றும் தேடினேன், பாத்துச் சொல்றேன் என்று சபையில் சொன்னதால். எனக்கு எதுவும் அகப்படவில்லை. டைப் அடிக்கிறவனைப் பற்றி யார் எழுதி வைப்பார்கள்? நானே எழுதி வைத்ததில்லை.

கடைசியில் குழுவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் பெயரில், என் கையெழுத்தில், என்னைப் பற்றி. அறிக்கையைக் கொண்டு வந்தவர் இன்னார் என்று அவருடைய முழுப் பெயர். அவர் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து திருத்தியது. அறிக்கையில் இருக்கிற படத்தை அவர் என் கண் முன்னால் பென்சிலால் மறுபடி வரைந்து கொடுத்தது. போன் செய்தவர் யார் என்பது. அந்த வரியை அழித்தது நான் என்பது. அந்த வரி இது என்று ஞாபகத்திலிருந்து எழுதினேன்: “மாதிரி எடுத்ததும் சோதித்ததும் எழுதியதும்,” அதற்குப் பிறகு அவர் பெயர்.

அப்புறம் கைப்பிரதி. அதை எழுத வருகிற இடத்தில் பேனா நின்றது. லேப் சார் கையில் கொடுத்தேன் என்று எழுதினால் விஷயம் முடிந்தது. அதைத் தேடிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பாகும். கொடுக்கவில்லை என்றால் மறைக்கிறார் என்றாகும். அவர் என் கடைக்கு அந்த வாரம் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அவர் என் நோட்டை வாசித்துக் காட்டிய முகம் கண்ணில் நின்றது. எழுதிவிட்டேன். “கைப்பிரதியை அவர் கையிலேயே கொடுத்தேன்.”

டைல்ஸ் கடைக்குக் கொண்டு போய்க் காட்டினேன். அந்த அம்மா நின்றபடியே வாசித்தார்.

“பாய், அந்த வரியில ‘எழுதியதும்’ கிடையாது. மாதிரி எடுத்ததும் சோதித்ததும், அவ்வளவுதான் போட்டேன். அன்னிக்கு எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல.”

“எழுதினது நீங்கதானேம்மா?”

“நான்தான். ஆனா அந்த வரியில இல்ல.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அவர் அடுத்த வரிகளை வாசித்தார். கைப்பிரதி இடத்தில் நின்றார்.

“சார் கையில குடுத்தது ஞாபகம் வந்துடுச்சா?”

நான் வெளியே போகிற லாரியைப் பார்த்தேன்.

“வரல” என்றேன். “ஆனா அவர்ட்டதான் இருக்கும்மா. வேற எங்க போயிருக்கும்? இத எழுதாட்டி அவரு தப்பிச்சிடுவாரு. உங்களுக்கு வேலை போயிடும்.”

“இத எழுதினா அவரு என்னா கேப்பாரு? நோட்டுல எங்க இருக்குதும்பாரு. அதுல இல்ல. அப்ப மத்ததும் பொய்யின்னு ஆயிடும். லாரியில மேலாக்க நல்ல மண்ணப் போட்டு எடுத்துட்டு வந்த கத பாய் இது. பைப்ப உட்டா அடியில என்னா இருக்குதுன்னு தெரிஞ்சிடும்.”

“அப்ப அந்த வரிய எடுத்துடறேன். கைப்பிரதி பேச்சே வேணாம். வாங்கினவர் யாருன்னு எனக்கே தெரியலன்னு நானே எழுதிக் குடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம்.”

அதுவரை அமைதியாக இருந்தவருக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. குரல் உயரவில்லை. பில் புத்தகத்தை மூடினார்.

“கடைசி வரிய நீங்க ஒரு தடவ எடுத்தது போதும் பாய். உள்ளத எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. எனக்கு வேல கெடச்சா இதுலயே கெடைக்கட்டும்.”

அவர் கடை மேஜையிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். இரண்டு பிரதி. குழுவுக்குக் கொடுத்த பிரதிக்கு ரசீது வாங்கினேன், ரசீது கொடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதினேன். வெறும் ஆபீஸ் முத்திரை போதும் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வருகிற திங்கட்கிழமை அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு லாரி மண்ணை நிறுத்திச் சோதித்துக் காட்டச் சொல்வார்கள் என்று கேள்வி. அவர் புதிதாக ஒரு பைப் வாங்கி வைத்திருக்கிறார்.

என் கடை நோட்டில் அன்றிலிருந்து ஆபீஸ் பெயருக்குப் பக்கத்தில் வந்தவர் பெயரும் எழுதுகிறேன். பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்கிறார், செய்யட்டும். இத்தனை வருஷத்துப் பழைய நோட்டுகளில் லேப், பேங்க், ஸ்கூல் என்று போனவர்களை எழுத இனி வழியில்லை.

கடிதத்தின் கடைசி வரியை அப்படியே இங்கே எழுதுகிறேன்: “பதினொரு பக்கக் கைப்பிரதியை நான் திருப்பிக் கொடுத்தது உண்மை. அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் யார் என்பது இந்தத் தேதி வரை உறுதியாகவில்லை.”